மூன்றாவது சுற்று

அந்த வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குப் பின் உலார்பெக்கின் வீட்டு நடு அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். வாசலுக்கு நேர் எதிரே, சுவரோரம் அடுக்கிய மெத்தைகளில் சாய்ந்தபடி, மூத்தவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் உரிய மேலிடத்தில் அவன் அக்கா அனார்கான். அவளுக்கு வலப்பக்கம் சித்தப்பா சோரோன்பாய். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், ஊரில் எந்தக் காகிதம் எழுதுவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரை அடுத்து முல்லா தோக்தோசுன். இடப்பக்கம் சித்தி பாத்மா, முட்டிவலிக்காகக் காலை நீட்டிக்கொண்டு. அடுப்பை ஒட்டி, தேநீர்க் கிண்ணங்களை நிரப்பிக் கொடுக்கிற இடத்தில் உலார்பெக்கின் மனைவி ஜிபார். கதவருகே, காலணிகள் கிடக்கிற பக்கம், வீட்டுக்காரனான உலார்பெக்.

வீட்டுக்காரன் அங்கே உட்காருவது முறையல்ல. மேலே வரும்படி சித்தப்பா இரண்டு தடவை அழைத்தார். அவன் அசையவில்லை. அக்கா மேலிடத்தில் உட்கார்ந்திருக்கும் அழகை எதிரே இருந்தே பார்க்க வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

பிள்ளை பெறவில்லை என்று புருஷன் வீட்டார் அவளைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு இருந்த இடம் அடுப்படிதான். விருந்தாளி வந்தால் அவள் கை மட்டும் தெரியும், கிண்ணத்தோடு. ஆட்டிறைச்சி பங்கு வைக்கும்போது அவளுக்கு வருவது எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சிய எலும்பு. இந்தக் கோடையிலிருந்துதான் அவளை மேலே ஏற்றி உட்கார்த்தி, ஊரின் மூத்த ஆண்களுக்கு வைக்கிற இடுப்பெலும்பை அவள் தட்டில் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் சாகப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு.

அன்றும் ஆடு அறுத்திருந்தது. இடுப்பெலும்பு அவள் தட்டில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு, யாருடைய வீட்டிலோ விருந்துக்கு வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். அவர்கள் ஊர் இருக்கிற அலாய்ப் பள்ளத்தாக்கில் குழந்தையைக் கொஞ்சுகிற எவரும் "உன்னைச் சுத்தி வர்றேன் கண்ணு" என்பார்கள். உனக்கு வருகிற பீடையெல்லாம் எனக்கு வரட்டும் என்று பொருள். வாயில் வந்து போகிற பேச்சு அது. சந்தையில் தர்பூசணி விற்கிறவன்கூடச் சொல்லுவான். அதற்காக யாரும் எழுந்து சுற்றுவதில்லை. அனார்கான் எழுந்து சுற்றினாள்.

போன குளிர்காலத்தில் நிலக்கரி லாரி ஓட்டிப் போன உலார்பெக், கணவாயில் பனிக்குள் மாட்டிக்கொண்டு நெஞ்சில் சளி கட்டி வந்து விழுந்தான். நினைவு தப்பிக் கிடந்தான். ஊர் மருத்துவ உதவியாளர் வந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் இறங்காத ஒரு நாளில் அனார்கான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அவன் படுக்கையை மூன்று முறை சுற்றி, இவனுக்கு வந்தது எனக்கு வரட்டும் என்று உரக்கச் சொல்லி, அந்தத் தண்ணீரைக் குடித்தாள். அப்போது அறையில் இருந்தவர்கள், இன்று இருக்கிற இதே ஆட்கள்தாம். அதற்கடுத்த நாள்களில் காய்ச்சல் இறங்கியது. ஊசி போட்டவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்தது. அனார்கானுக்குப் பேர் கிடைத்தது.

அந்தப் பேரைச் சுமந்தவன் உலார்பெக். கடைத்தெருவில் அவன் சிகரெட் பற்றவைத்தால், அக்கா உயிரைக் கொடுத்து வாங்கின நெஞ்சுக்குள் புகையை விடுகிறாயா என்று கேட்டார்கள். பிறந்தநாள் வீட்டில் ஒரு குவளை வோட்காவைத் தூக்கியபோது, பெட்ரோல் ஊற்றுகிற பையன் ஒருவன் அவன் கையைப் பிடித்து, "அண்ணே, இது உங்க உடம்பு இல்ல, அக்கா உடம்பு" என்றான். சபையே தலையாட்டியது. வீட்டில் ஜிபாரோடு சின்னச் சண்டை வந்தாலும் அவள் சண்டையை அந்தப் புள்ளியில் கொண்டுபோய் நிறுத்துவாள்: அண்ணி உங்களுக்காக என்ன செஞ்சாங்க, நீங்க என்னடான்னா. அவன் கேட்காமல் கொடுத்த கடன், நினைவில்லாமல் கிடந்தபோது அவன் தலையில் ஏற்றிய கடன்; அதற்கு ஊரெல்லாம் வசூல்காரர்கள்.

கோடையில் அக்காவுக்கு வலி வந்தது. எல்லோர் முகத்திலும் 'வந்துவிட்டது' என்று எழுதியிருந்தது. உலார்பெக் மட்டும் அவளை வலுக்கட்டாயமாக லாரியில் ஏற்றி ஓஷ் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். அங்கே கலிமா என்ற அறுவை மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லீரலில் நீர்ப்பை ஒன்று வளர்ந்திருக்கிறது, நாய் வழியாக வருகிற புழு, ஆடு மேய்க்கிற ஊர்களில் சாதாரணம் என்றார். இந்த அளவுக்கு வளரப் பத்து வருஷமாவது ஆகியிருக்கும், எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், விட்டால் ஒருநாள் உள்ளேயே உடையும், அப்புறம் என்னிடம் கொண்டுவந்து பயனில்லை.

திரும்பி வரும் வழியில் உலார்பெக் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினான். பத்து வருஷம்! அவள் சுற்றியது போன குளிர்காலத்தில். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கணக்குத் தெரிந்த எவரும் ஒத்துக்கொள்வார்கள். கணவாய் ஏறும்போது அக்கா வாயைத் திறந்தாள்.

"நான் சாவைக் கூப்பிட்டேன்டா தம்பி. அது எந்தச் சட்டையப் போட்டுட்டு வந்தா என்ன?"

"நீ கூப்பிடறதுக்கு ரொம்ப முன்னாடியே அது வந்துடுச்சுக்கா. டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

"அப்ப உள்ளார உக்காந்து நான் எப்பக் கூப்பிடுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு. இப்ப அதைத் தொரத்தினா எங்க போகும்? வந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும். உன் வீட்டுக்கு."

அதற்கப்புறம் அவன் எத்தனை முறை பேசிப் பார்த்தும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வைத்தியம் பார்த்துக்கொண்டால் தம்பி போய்விடுவான். அவ்வளவுதான். அவளாவது பரவாயில்லை, அவள் நம்பினாள். அவளுடைய உயிர், அவளுடைய நம்பிக்கை. உலார்பெக்கால் தாங்க முடியாமல் போனது மற்றவர்களைத்தான். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, போய் அறுத்துக்கொண்டு வா என்று அவளிடம் சொல்லவில்லை. ஜிபார் அண்ணியின் கையைப் பிடித்து அழுதாள். அழுதுகொண்டே அவளுக்குப் புதுப் போர்வை தைத்தாள். சித்தப்பா அவளைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

இப்போது கலிமாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. போன வசந்தத்தில் பனிச்சரிவு தொலைபேசிக் கம்பங்களை அடித்துக்கொண்டு போன பிறகு ஊருக்கும் ஓஷுக்கும் நடுவே பேச்சென்றால் வேன்காரர் கையில் கொடுத்துவிடும் காகிதம்தான். கணவாய் மூடுவதற்கு முன் ஒரு படுக்கை ஒதுக்கி வைத்திருக்கிறேன், வருகிறீர்களா இல்லையா என்று நோயாளியே கையெழுத்துப் போட்டு இந்த வெள்ளிக்கிழமை வேனில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன், வசந்தம் வரைக்கும் இந்தப் பை தாங்காது என்று எழுதியிருந்தார். வேன் அன்று சாயங்காலம் வரும். சித்தப்பா அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டாவது முறையும் படித்துக் காட்டி, மடித்து, தட்டுகளுக்கு நடுவே வைத்தார்.

பிறகு பேசத் தொடங்கினார். முடிவு அனார்கான் கையில்தான் இருக்கிறது என்றார். நாம் யாரும் அவளை எந்தப் பக்கமும் இழுக்கக் கூடாது. இவ்வளவு பெரிய காரியம் செய்தவளைப் பாதியில் தடுப்பது அவளை அவமானப்படுத்துவது. பாபர் ராஜா, நம்ம அண்டை ஊர் அந்திஜானில் பிறந்தவர், மகன் ஹுமாயூன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மூன்று முறை சுற்றி வந்தார். மகன் எழுந்தார், தகப்பன் படுத்தார். அதற்கப்புறம் அவர் வைத்தியர் பின்னால் ஓடினாரா என்று, வகுப்பறையில் கேட்பதுபோலவே கேட்டார்.

"ராஜா செத்ததுல மகனுக்கு ஒரு தேசம் கிடைச்சுது" என்றான் உலார்பெக் கதவருகிலிருந்து. "எனக்கு என்ன கிடைக்கும் சித்தப்பா? அக்காவோட பால் வாளியா?"

"கிண்டல் பண்ற நேரமாடா இது?"

"நான் கிண்டல் பண்ணல. ஆட்டை அறுத்துப் போட்டுத் தின்னுக்கிட்டு இருக்கறது நீங்க."

சித்தப்பா முல்லாவைப் பார்த்தார். முல்லா தோக்தோசுன் நல்ல மனிதர், யாருக்கும் மனம் கோணாமல் பேசுகிறவர்; அதுதான் அவரிடம் வம்பு. சுற்றி வருவது பற்றி மார்க்கத்தில் எதுவும் எழுதி வைக்கவில்லை என்றார். நோய் வந்தால் மருந்து தேட வேண்டும் என்று இருக்கிறது, அது நிச்சயம். ஆனால் ஒருவர் மனதார நேர்ந்துகொண்ட பிறகு, அந்த மனதை—

"அந்த 'ஆனா'வை மட்டும் எடுத்துட்டு இன்னொரு வாட்டி சொல்லுங்க முல்லா."

முல்லா தன் கிண்ணத்துக்குள் பார்த்தார். தேயிலை அடியில் படிந்திருந்தது.

பாத்மா சித்திக்கு இந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் இவன் இப்படிக் கதவோரம் உட்கார்ந்துகொண்டு கல்லெறிகிறானே என்றாள். அனார்கானைப்போல ஒரு பெண் இந்த வம்சத்தில் பிறந்ததற்கு அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிய வேண்டாமா, நாளைக்கு அவன் பிள்ளைகளே அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு திரியப் போகிறார்கள் என்றாள்.

உலார்பெக்குக்கு அதுவரை சொல்லக் கூடாது என்று வைத்திருந்த ஒன்று வாய்க்கு வந்துவிட்டது. போன வாரம் அவன் சித்தியின் மாட்டுக் கொட்டில் பக்கம் போனான். உள்ளே சித்தி பால் கறந்துகொண்டே ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தாள். அவள் ஒப்பாரிக்குப் பேர் போனவள். மூன்று ஊர்ச் சாவுக்கு அவளைத்தான் அழைப்பார்கள். யார் செத்தார்கள் என்று அவன் நின்று கேட்டான். 'தம்பி மரத்துக்குத் தண்ணியாப் போனவளே' என்று வந்தது. ஓர் அடி பாடுவாள், சரியில்லை என்று நிறுத்துவாள், பசுவை ஒரு தட்டு தட்டுவாள், மாற்றிப் பாடுவாள். அவன் அக்கா உயிரோடு அடுத்த வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

இதை அவன் அப்படியே சொன்னான், பசுவைத் தட்டியது உட்பட.

"அதுக்கென்ன இப்ப?" என்றாள் சித்தி. முகம் சிவந்திருந்தாலும் குரல் இறங்கவில்லை. "அன்னிக்கு வந்து சொல்லு வராம திக்கி நின்னா யாருக்கு அசிங்கம்? இப்பேர்ப்பட்டவளுக்குப் போற போக்குல பாடிட்டுப் போக முடியுமா?"

"என் பேரு அந்த மெட்டுல சரியா உக்காருதா சித்தி?" என்று கேட்டாள் அனார்கான். அவள் அன்று பேசிய முதல் பேச்சு அது. கோபமில்லாமல், தையற்காரியிடம் அளவு கேட்பதுபோலக் கேட்டாள்.

சித்தப்பா கனைத்தார். சரி, எல்லோரும் கேட்டாகிவிட்டது, இனிப் பதில் எழுதிவிடலாம், வர இயலவில்லை என்று மரியாதையாக நாலு வரி போதும் என்று பையிலிருந்து காகிதமும் பேனாவும் எடுத்தார். எடுத்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். வரும்போதே பதிலும் அவரிடம் இருந்திருக்கிறது.

உலார்பெக் எழுந்தான்.

மூலையில் இருந்த வாளியிலிருந்து ஒரு கிண்ணம் தண்ணீர் மொண்டான். அக்காவுக்குத்தான் கொண்டு போகிறான் என்று நினைத்து ஜிபார் வழிவிட்டாள். அவன் அக்காவிடம் போனான், கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் உடம்பைக் குறுக்கி நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தான். சித்தி காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"அக்காவுக்கு வந்தது எனக்கு வரட்டும்" என்றான்.

ஒரு சுற்று முடிந்த பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது. அவன் இரண்டாவது முறை சந்துக்குள் நுழைந்தபோது சித்தப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் விரிப்பு இழுபட்டு இரண்டு கிண்ணங்கள் கவிழ்ந்தன. முட்டிவலிக்காரியான சித்தி எப்படி நின்றாள் என்று தெரியவில்லை, நின்றிருந்தாள். இரண்டாவது சுற்றை முடித்து அவன் அதே வார்த்தையைச் சொல்லும்போது ஜிபார் ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். முல்லா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த மெலிந்த மனிதருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று உலார்பெக் நினைத்ததில்லை.

"உயிரைத் தானா விடறது ஹராம்டா!" என்றார் முல்லா. "பாவம்டா. விடு கிண்ணத்த."

"எதுவும் எழுதி வெக்கலன்னீங்களே முல்லா? இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

"போன குளிர்காலம்" என்றான் உலார்பெக். தண்ணீர் சிந்தாமல் கையை உயர்த்திப் பிடித்திருந்தான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "இதே அறை. இதே நீங்க. நான் கெடந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. அக்கா மூணு சுத்தும் சுத்தி முடிச்சு, தண்ணியும் குடிச்சா. சொல்லுங்க, யார் எழுந்தீங்க? அவ கால யார் பிடிச்சீங்க? ஹராம்னு யார் சொன்னீங்க?"

"அவளும் நீயும் ஒண்ணாடா?" என்றார் சித்தப்பா. கோபத்தில் நிதானம் போயிருந்தது அவருக்கு. "நீ பிள்ளகுட்டிக்காரன். அவளுக்கு என்ன, புருஷனா புள்ளையா? அவ போனா—"

அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது கொஞ்சம் தாமதம்.

அனார்கான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நின்றுகொண்டிருக்கிற ஒவ்வொருவரையும் பார்த்தாள்: மூச்சிரைக்கிற சித்தியை, கையைப் பிடித்திருக்கிற முல்லாவை, தரையில் கிடந்து காலைக் கட்டியிருக்கிற ஜிபாரை. பிரசவ வலிகூட அறியாதவள் என்று ஊரார் சொன்ன அந்த முகத்தில் அப்போது வந்ததை உலார்பெக் அதற்கு முன் கண்டதில்லை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளில்கூட அது வரவில்லை.

"அவ போனா?" என்று கேட்டாள். "முடிங்க சித்தப்பா. எழுதற ஆளு, ஒரு வாக்கியத்தைப் பாதியில விடலாமா?"

"நான் அப்படிச் சொல்ல வரலம்மா..."

"அன்னிக்கு நான் சுத்தி முடிச்சுத் தண்ணியக் குடிச்சப்ப, அறை அவ்வளவு அமைதியா இருந்துச்சு. ஒரு கிண்ணம் கூட அசையல. மரியாதைன்னு நெனச்சேன். இத்தன மாசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். "இவன் ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள வீடே எழுந்து நிக்குது. முட்டிவலி எங்க போச்சு சித்தி?"

யாரும் உட்காரவில்லை. உட்காருங்கள் என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. உட்கார்ந்தார்கள்.

அவள் கையை நீட்டினாள். உலார்பெக் கிண்ணத்தைக் கொடுத்தான். அவள் அதைப் பக்கத்தில் இருந்த கை கழுவும் பாத்திரத்தில் ஊற்றினாள்.

"நீயும் ஒண்ணும் யோக்கியம் இல்ல" என்றாள் அவனிடம். "என்னைப் பணிய வைக்கத்தானே சுத்தினே? நான் ஒத்துக்காட்டி மூணாவதையும் சுத்தியிருப்பியா?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல அது இடமில்லை.

"தெரியல அக்கா."

"பக்கத்து அறையில உன் பிள்ளைங்க தூங்குது. அதுங்க கிட்டக் கேட்டியா?"

"நீ என்கிட்டக் கேட்டியா?"

அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தாள். பிறகு பேசியது எல்லோருக்கும் சேர்த்து. சுற்றியதற்காக வருத்தப்படவில்லை என்றாள். அவன் வளர்ந்தது அவள் இடுப்பில். நாளைக்கே அவன் அப்படிக் கிடந்தாலும் மறுபடி சுற்றுவாள், அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். அது தன் கையிலிருந்து தான் கொடுத்தது. "ஆனா நான் கொடுத்தேன்னா, வாங்கிக்க வேண்டியவன் அவன் ஒருத்தன். அவன் வேண்டாம்னு கத்திக்கிட்டு இருக்கான். நீங்க எல்லாரும் எதுக்குக் கை நீட்டுனீங்க? என் உயிரு, ஆளுக்கொரு பங்கு வெச்சு இந்தத் தட்டுல போட்டுக்கிட்டீங்க. எனக்கு எலும்பு வெச்சீங்க. நானும் பெருமையா உக்காந்திருந்தேன் பாரு, அதுதான்..." வார்த்தை கிடைக்காமல் கையை உதறினாள். "அதுதான் எனக்குப் பொறுக்கல."

ஜிபார் அழ ஆரம்பித்தாள். ஆனால் அவளுக்குள் இருந்த பயம் அழுகையையும் மீறி வெளியே வந்தது. அண்ணி அறுத்துக்கொண்டு நல்லாகிவிட்டால், அது இவரிடம் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று தேம்பலுக்கு நடுவே கேட்டாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வந்தா ஊசி போடு" என்றாள் அனார்கான். "போன தடவையும் ஊசிதான் போட்டாங்க." பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, "நீ புருஷனுக்குப் பயந்தது தப்பில்லடி. எனக்காகவும் ஒரு தடவ பயந்திருக்கலாம், அவ்வளவுதான்" என்றாள்.

அவள் இன்னும் நம்புகிறாளா, நம்பிக்கை விட்டுப் போய்விட்டதா என்று உலார்பெக்குக்குத் தெரியவில்லை. முழுக்கப் போயிருக்காது. ஓஷில் அறுவை மேசையில் படுக்கும்போதுகூட, தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற திகில் அவளோடு படுக்கும். அதையும் தாங்கிக்கொண்டு போக அவள் முடிவெடுத்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. அவன் வெற்றி பெற்றவன்போல உணரவில்லை. கோபம்கூட இன்னும் தீரவில்லை. அது யார் மேல் என்றுதான் இப்போது அவ்வளவு தெளிவாக இல்லை.

"எழுதுங்க சித்தப்பா" என்றாள் அக்கா.

"நான் வேணா எழுதறேன்" என்றான் உலார்பெக்.

"அவர்தான் எழுதணும். அவர் கையெழுத்து அழகா இருக்கும்."

சோரோன்பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். காகிதத்தை முழங்காலில் ஒரு புத்தகத்தின் மேல் வைத்து, தேதி போட்டு, மதிப்பிற்குரிய என்று தொடங்கி, எழுதியதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அக்கறைக்கு நன்றி. குடும்பத்தார் அனைவரும் கூடிக் கலந்து பேசி எடுத்த முடிவின்படி—

"அத அடிங்க" என்றாள் அனார்கான்.

"எழுத்து மரியாதைக்கு அப்படித்தான் எழுதறதும்மா."

"குடும்பத்தார் எடுத்த முடிவு வேற. அது உங்க பையிலயே இருந்துச்சு. அடிங்க."

அவர் அடித்தார். ஒற்றைக் கோடு. அவள் எட்டிப் பார்த்து, படிக்க முடியாதபடி அடிக்கச் சொன்னாள். அடித்தார்.

"அனார்கான் ஆகிய நான் வர்றேன்னு எழுதுங்க. அடுத்த வேன்ல வர்றேன். எனக்குப் பிள்ளைங்க இல்ல, புருஷன் இல்ல, அதனால ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்துக்க ஆள் வரலன்னாலும் வர்றேன். அப்புறம்..." கொஞ்சம் யோசித்தாள். "அறுத்து எடுக்கறதை ஒரு பாட்டில்ல போட்டு எனக்குக் காட்டணும்னு எழுதுங்க. என்னன்னு நான் பார்க்கணும்."

சித்தப்பா பேனாவை நிறுத்தி, இதையெல்லாம் ஒரு டாக்டருக்கு எழுதுவார்களா என்பதுபோல முல்லாவைப் பார்த்தார். முல்லா, இந்தத் தடவை எந்த 'ஆனா'வும் இல்லாமல், அம்மா சொன்னபடியே எழுதிவிடுங்கள் என்றார். எழுதினார். அனார்கான் கீழே கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபிறகு அவள் போட்ட கையெழுத்துகள் மிகக் குறைவு. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக வைத்து, அழுத்தி முடித்தாள்.

உறை பழையது, பசை காய்ந்து போயிருந்தது. ஜிபார் மாவை விரல் நுனியில் எடுத்துத் தண்ணீரில் குழைத்துத் தடவினாள். ஓரம் ஒட்டவில்லை என்று இன்னொரு தடவை தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள், விட்டால் திறந்துவிடும் என்பதுபோல. பாத்மா சித்தி கவிழ்ந்த கிண்ணங்களை எடுத்து அடுக்கினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

வெளியே வேன் ஒலி எழுப்பியது. உலார்பெக் உறையை வாங்கிக்கொண்டு மேல்கோட்டுகூடப் போடாமல் ஓடினான். சாலையில் பனி இன்னும் விழவில்லை. மலை உச்சிகளில் மட்டும் வெள்ளை இறங்கியிருந்தது. வேன்காரர் கண்ணாடியை இறக்கி, உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ஈரமா இருக்கே."

"போற வழில காஞ்சுடும்ணே. டாக்டரம்மா கையிலயே கொடுக்கணும். வேற யார்கிட்டயும் வேண்டாம்."

வேன்காரர் தலையாட்டி, உறையைக் கண்ணாடிக்கு மேலே இருந்த மற்றக் கடிதங்களோடு செருகினார். பின்னிருக்கையில் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி சீக்கிரம் போகச் சொல்லி அவசரப்படுத்தினாள். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கணவாய்ப் பக்கம் புறப்பட்டது.